தலைக்கு எண்ணெய் இருக்கட்டும்... தட்டில் என்ன இருக்கு?



'முடி ரொம்பக் கொட்டுதே, என்ன எண்ணெய் தேய்க்கலாம்?' - இந்தக் கேள்வியைக் கேட்காத பெண்ணை நான் இதுவரை பார்க்கவில்லை. ரேஷன் கடை வரிசை, கோவில் பிராகாரம், கல்யாண வீட்டுப் பந்தி என்று நாலு பெண்கள் கூடும் இடத்தில் எல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடும். ஒருத்தி கரிசலாங்கண்ணி என்பாள், ஒருத்தி சின்ன வெங்காயச் சாறு என்பாள், இன்னொருத்தி செம்பருத்தி என்பாள். இப்போது அதோடு செல்போனும் சேர்ந்துகொண்டது. ஒரே ஒரு தடவை முடி பற்றிய வீடியோவைப் பார்த்துவிட்டால் போதும், அதற்கப்புறம் நாள் முழுக்க 'பயோட்டின்' மாத்திரையும், மிட்டாய் மாதிரி சப்பிச் சாப்பிடும் வைட்டமினும், '15 நாளில் அடர்த்தியான கூந்தல்' என்ற விளம்பரமும்தான்!

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பெண்களில் பலருக்கு முடி கொட்டும் காரணம் தலையில் இல்லை. சாப்பிடும் தட்டில் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடியில் கிடக்கிற சோற்றையும் தெளிந்துபோன சாம்பாரையும் போட்டுக்கொண்டு 'எனக்கு இது போதும்' என்று எழுந்துவிடுகிறோமே, அந்தப் பழக்கம் மாறாதவரை எந்த எண்ணெயும் முடியைக் காப்பாற்றாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

உடம்பு போடும் பட்ஜெட்

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் சில வருடங்கள் வளரும், பிறகு இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுக்கும், அதன் பின் விழும். விழுந்த இடத்தில் புதுசு முளைக்கும். அதனால் தினம் 50 முதல் 100 முடி வரை உதிர்வது சாதாரணம். சீப்பில் நாலு முடியைப் பார்த்ததும் பயந்துவிட வேண்டாம்.

முடி பெரும்பாலும் 'கெரட்டின்' என்ற ஒரு வகைப் புரதம். அதை உண்டாக்க வேர்க்காலுக்குப் புரதம் வேண்டும், இரும்புச்சத்து வேண்டும், துத்தநாகம், வைட்டமின்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும். உடம்பில் இவை குறைந்தால் என்ன ஆகும்? வீட்டில் பணம் தட்டுப்பட்டால் நாம் முதலில் எதை நிறுத்துவோம்? அரிசி, பருப்பையா நிறுத்துவோம்? பட்டுப் புடவையைத்தானே! உடம்பும் அதே பட்ஜெட்தான் போடுகிறது. இதயத்துக்கும் மூளைக்கும் வேண்டியதை ஒதுக்கிவிட்டு, 'கூந்தல் இல்லாமலும் உயிர் வாழலாம்' என்று அதில் கை வைக்கிறது. நிறைய முடி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டுகிறது.

இந்த 'இரண்டு மூன்று மாதம்' என்பதைச் சகோதரிகள் நன்றாக நினைவில் வைக்க வேண்டும். இன்று கொட்டும் முடிக்கு இன்று மாற்றிய சோப்பும் தண்ணீரும்தான் காரணம் என்று நினைக்கிறோம். இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் வந்த டைபாய்டோ, டெங்குவோ, ஆபரேஷனோ, 'ஒல்லியாகணும்' என்று கிடந்த பட்டினியோ காரணமாக இருக்கும். கொரோனா வந்த 2020, 2021-ல் குணமான பலருக்கு சில மாதம் கழித்து முடி கொட்டியது இப்படித்தான்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள், 'பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா அம்மாவுக்கு முடி கொட்டும்' என்பார்கள். பிள்ளையின் சிரிப்புக்கும் முடிக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பது இரண்டு, மூன்றாம் மாதம். பிரசவத்துக்குப் பின் முடி உதிரத் தொடங்குவதும் அந்தக் கணக்கில்தான். எத்தனை கவனமாகப் பார்த்திருக்கிறார்கள் பாருங்கள்! இது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆனால் அந்தச் சமயத்தில் பத்தியம் என்ற பெயரில் தாயைச் சோறும் ரசமுமாகவே வைத்திருந்தால், பால் கொடுக்கிற உடம்பு எதிலிருந்துதான் மீளும்?

பச்சரிசி தின்ற மருமகள்

எங்கள் தெருவில் ஒரு மருமகள். இரண்டு குழந்தைகள், வீட்டிலேயே தையல் வேலை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. செல்போனில் பார்த்து, மாதம் 900 ரூபாய் மாத்திரையை ஆறு மாதம் வாங்கினாள். கூட்டிப் பாருங்கள், 5,400 ரூபாய். தையல் கூலியில் மிச்சம் பிடித்த பணம். முடி நிற்கவில்லை.

அவளிடம் நான் கவனித்தது வேறு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அரிசி களையும்போது பச்சரிசியை ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வாள். 'என்னம்மா இது?' என்றால், 'என்னமோ அக்கா, இதைத் தின்னாத்தான் வாய் அடங்குது' என்பாள். பச்சரிசி, சாம்பல், சிலேட்டுக் குச்சி, மண் இதெல்லாம் தின்னத் தோன்றுவது இரத்தசோகைக்கு ஒரு அடையாளம் என்று படித்திருக்கிறேன். 'முதலில் இரத்தத்தைப் பாரு' என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும். அவளுக்கு 8 தான் இருந்தது! மாதவிலக்கின்போது ஏழெட்டு நாள் அதிகமாகப் போகும் விஷயத்தை அன்றுதான் டாக்டரம்மாவிடம் வாயைத் திறந்து சொன்னாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையாம். 'பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்' என்று இருந்துவிட்டாளாம்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், மாதவிலக்குக்கும் தனியே வைத்தியம் பார்த்தார்கள். காசு ஒன்றும் வாங்கவில்லை. ஐந்தாறு மாதத்தில் நெற்றி ஓரம் குட்டி குட்டியாக முடி முளைத்து நின்றதை அவளே என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கு அதைவிட சந்தோஷம், இப்போது மூச்சு வாங்காமல் படி ஏறுகிறாள்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். அதாவது, நம் தெருவில் இரண்டு பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தால், அதில் ஒருத்திக்கு இரத்தம் போதவில்லை. அவர்கள் பேசிக்கொண்டிருப்பது என்னவோ எண்ணெயைப் பற்றி!

நம் தட்டுக்கு ஒரு கணக்கு

நம் உணவுத் தேவைகளைச் சொல்வது ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அது 1918-ல் நம் குன்னூரில்தான் சிறியதாகத் தொடங்கியது. 2020-ல் சொன்ன கணக்குப்படி, உடம்பு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 46 கிராம். இரும்புச்சத்து ஆணுக்கு நாளுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கோ 29. கவனித்தீர்களா? பெண்ணுக்குத்தான் அதிகம் வேண்டும். ஆனால் வீட்டில் யாருக்குக் குறைவாக விழுகிறது?

காலையில் மூன்று இட்லி, மத்தியானம் சோறு, கொஞ்சம் சாம்பார், ரசம், இரவு இரண்டு தோசை, இடையில் இரண்டு காபி. நம்மில் பலருக்கு இதுதான் ஒரு நாள் சாப்பாடு. வயிறு நிறைந்துவிடும். ஆனால் புரதம் 30 கிராம் அளவில்தான் நிற்கும். மீதி 16-க்கு எங்கே போவது? ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, ஒரு சின்னக் கிண்ணம் தயிரில் 3. சரியாகப் போச்சா? முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை அல்லது தட்டைப்பயறு சுண்டல் சாப்பிடலாம். பருப்பைத் தண்ணீராகக் கரைக்காமல் கெட்டியாக ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொள்ளலாம்.

900 ரூபாய் மாத்திரை வாங்கும் பணத்தில், முட்டை ஏழு ரூபாய் என்றே வைத்தாலும் நூறு முட்டைக்கு மேல் வாங்கலாம். வீட்டுக்கே வரும்!

இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரை, அரைக்கீரை, கேழ்வரகு, கம்பு, எள், பயறு வகைகள். ஆனால் கீரையில் இருக்கும் இரும்பு உடம்பில் எளிதில் ஒட்டாது. வைட்டமின் 'சி' துணைக்கு வேண்டும். அதனால் கீரையை இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கூடச் சாப்பிடுங்கள். இன்னொன்று, சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிக்கும் பழக்கம். அது இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். காபியை விடச் சொல்லவில்லை சகோதரிகளே, கோபப்படாதீர்கள்!

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மீன், கறி, ஆட்டு ஈரல், சுவரொட்டி இவற்றில் உள்ள இரும்பு சுலபமாகச் சேரும். மாசமாக இருப்பவர்கள் மட்டும் ஈரலை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிடுவது நல்லது. சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர்கள் 'பி12' பற்றி யோசிக்க வேண்டும். அது பால், தயிர், முட்டை, மாமிசத்தில்தான் உண்டு. கீரையிலோ பழத்திலோ கிடையாது. வீட்டிலேயே அடைந்து கிடந்தால் வைட்டமின் 'டி'யும் குறையும். துணி காயப்போட மாடிக்குப் போனால் பத்து நிமிடம் கூட நின்று வாருங்கள். துத்தநாகம் வேர்க்கடலை, எள், பயறு, பூசணி விதை, முட்டை, கறியில் கிடைக்கும்.

இதில் பயோட்டினைச் சொல்லவே இல்லையே என்பீர்கள். நாளுக்கு 30, 40 மைக்ரோகிராம் போதும். முட்டை, வேர்க்கடலை, பயறு சாப்பிடுகிறவர்களுக்கு அது குறைவது அபூர்வம். கடையில் விற்பதோ 5,000, 10,000 மைக்ரோகிராம்! குறையே இல்லாதவர்களுக்கு மேலும் கொட்டுவதால் முடி வளரும் என்பதற்குச் சரியான ஆதாரம் கிடையாது. அதைவிட முக்கியம், இந்த மாத்திரை தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்புக்குச் செய்யும் இரத்தப் பரிசோதனையையும் தப்பாகக் காட்டிவிடலாம் என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2017-ல் எச்சரித்தது. சாப்பிடுகிறவர்கள் இரத்தம் கொடுக்கும் முன் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள்.

'சத்துதானே, கூடப் போனா என்ன?' என்றும் இருக்கக் கூடாது. வைட்டமின் 'ஏ' மாத்திரை அளவு மீறினால் முடியே கொட்டும். செலினியம் என்ற சத்தும் அப்படித்தான். 2008-ல் அமெரிக்காவில் ஒரு சத்து டானிக்கில் தவறுதலாக செலினியம் 200 மடங்கு சேர்ந்துவிட, குடித்தவர்களில் பலருக்கு முடி உதிர்ந்தது. முடிக்காகக் குடித்ததே முடியைக் கொண்டுபோனால் எங்கே போய்ச் சொல்வது?

எண்ணெயைக் குறை சொல்லவில்லை

வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பதையோ, அம்மா காய்ச்சிக் கொடுத்த தைலத்தையோ நான் குறை சொல்லவில்லை. எண்ணெய் முடியை மிருதுவாக்கும், சிக்கு விழாமல், நடுவில் ஒடியாமல் காக்கும். நாலு பேர் உட்கார்ந்து ஒருத்தர் தலைக்கு ஒருத்தர் தேய்த்துவிடும் சுகமே தனி. ஆனால் வேர்க்காலுக்குச் சாப்பாடு மேலிருந்து போவதில்லை. உள்ளே ஓடும் இரத்தத்தில்தான் போகிறது. பாட்டிக்கு முழங்கால் வரை கூந்தல் இருந்ததை எண்ணெயோடு மட்டும் முடிச்சுப் போட்டுவிட்டோம். அந்தப் பாட்டி குடித்த கேழ்வரகுக் கூழையும், பறித்துச் சமைத்த முருங்கைக்கீரையையும் மறந்துவிட்டோம்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா முடி உதிர்வும் சாப்பாட்டால் தீராது. நடு வகிடு வருஷா வருஷம் அகலமாகிக்கொண்டே போனால் அது பரம்பரையாக இருக்கலாம். காசு அகலத்துக்கு வட்டமாக வழுக்கை விழுந்தால் புழுவெட்டு. தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி இவற்றாலும் கொட்டும். இதற்கெல்லாம் தோல் டாக்டரைப் பார்ப்பதுதான் வழி. இரும்பு மாத்திரையையும் இரத்தம் பார்த்து, டாக்டர் சொன்ன பிறகே சாப்பிட வேண்டும். அதைச் சாப்பிடும்போது மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது சகஜம். இரத்தம் ஏறியதும் நிறுத்தாமல் டாக்டர் சொல்லும் வரை தொடருங்கள். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆகவே ஆறு மாதப் பொறுமை வேண்டும். 15 நாள் என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

பிள்ளைக்கு முட்டை... அம்மாவுக்கு?

1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாகக் கொண்டுவந்தார். 1989-ல் கலைஞர் ஆட்சியில் அதில் முட்டை சேர்ந்தது. 2022-ல் காலை உணவும் வந்தது. பள்ளிக்கூடத்தில் வளரும் பெண்களுக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள், குடல் புழுவுக்கும் மாத்திரை தருகிறார்கள். மாசமாக இருந்தால் ஆஸ்பத்திரியில் மாத்திரை உண்டு. ஆக, பிள்ளைக்கு முட்டை போட அரசாங்கம் இருக்கிறது. பிள்ளையும் பெற்று, வீட்டையும் பார்க்கும் அம்மாவின் தட்டில் யார் முட்டை வைப்பது? நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்!

'எல்லோருக்கும் போட்டது போக எனக்கு' என்பதை நம் அம்மா செய்தார்கள், மாமியார் செய்தார்கள், நாமும் செய்கிறோம். பார்த்துக்கொண்டிருக்கும் நம் பெண்ணும் கற்றுக்கொள்கிறாள். காலையில் காபி மட்டும் குடித்துவிட்டுக் காலேஜுக்கு ஓடுகிறாள். அப்புறம் அவளுக்கும் முடி கொட்டுகிறது, நாம் எண்ணெய் தேடுகிறோம். இது தியாகம் என்று சிலர் சொல்லலாம். இரத்தமில்லாமல் மயங்கி விழுகிற அம்மாவால் யாருக்கு என்ன லாபம்?

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி முடி கொட்டுகிறது என்று சொன்னால் 'உனக்கு வேற வேலை இல்லையா' என்று சிரிக்காதீர்கள். அது உடம்பு அடிக்கிற மணியாக இருக்கலாம். ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தட்டில் என்ன விழுகிறது என்று பாருங்கள். அடுத்த வேளை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாமே.

சகோதரிகளே, கடையில் முட்டை வாங்கும்போது 'தலைக்கு ஒண்ணு' என்று எண்ணித்தானே வாங்குகிறோம்? இனி அந்தக் கணக்கில் உங்கள் தலையையும் சேர்த்து எண்ணுங்கள். உங்கள் வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று மற்ற வாசகியரும் எழுதினால் நன்றாக இருக்கும்.

- ஒரு இல்லத்தரசி, திண்டுக்கல்.